எத்தனை உருப்படி?

இஸ்திரி போடுபவரிடம் துணி மூட்டையை நீட்டினால் அவர் முதலில் கேட்பது, "எத்தனை உருப்படி?" சட்டையும் ஓர் உருப்படி, தலையணை உறையும் ஓர் உருப்படி. கர்னாடக சங்கீதம் படிப்பவர்கள் வர்ணம், கீர்த்தனை, தில்லானா எல்லாவற்றையும் உருப்படி என்றே எண்ணுவார்கள். இந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் இன்னொன்று குடியிருக்கிறது: உருப்படுவது. "படிச்சு உருப்படற வழியப் பாரு", "இவன் எங்க உருப்படப் போறான்", "சும்மா போனையே நோண்டாம உருப்படியா ஏதாச்சும் பண்ணு." ஆங்கிலத்தில் ப்ரொடக்டிவ் என்கிறார்களே, அதற்காகப் பாடப்புத்தகம் உற்பத்தித்திறன் என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. அதை வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் புழங்குவது உருப்படிதான்.

ஒரே சொற்குடும்பத்துக்குள் இரண்டு வேறு சங்கதிகள். ஒன்று, எண்ணிக் கணக்கு வைக்கக்கூடிய பொருள். இன்னொன்று, ஒரு காரியமோ ஓர் ஆளோ மெல்ல உருவம் கொள்வது. இஸ்திரிக் கடையில் இரண்டுக்கும் சண்டை கிடையாது. நாற்பது உருப்படி தேய்த்தால் நாற்பது துணி மடிப்போடு திரும்பி வரும். மற்ற இடங்களில் இவ்வளவு சுலபமில்லை. பிஸியாக இருப்பது வேறு, ப்ரொடக்டிவாக இருப்பது வேறு என்று என் துறையில் வருடத்துக்கு ஒரு பயிற்சி வகுப்பாவது நடக்கும். வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டை யார் கிழிப்பது, கணக்கு யாருடைய நோட்டில் எழுதப்படுகிறது என்று அந்த வகுப்புகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பிஸி என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். அதற்குத் தமிழில் வார்த்தை இல்லாமல் இல்லை. கை ஓயல, தலைக்கு மேல வேலை கிடக்கு, மூச்சு விட நேரமில்ல. இவையெல்லாம் அலுப்பைச் சொல்பவை. சொல்கிறவர் மேல் நமக்குக் கொஞ்சம் பரிதாபம் வரவேண்டும். பிஸியில் அந்தப் பரிதாபம் இல்லை. "என்ன சார், ரொம்ப பிஸியோ?" என்று கேட்டால் அது ஒரு மரியாதை. தார்ஸ்டீன் வெப்லென் 1899-ல் ஓய்வுடைய வர்க்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, வேலை செய்யத் தேவையில்லாமல் இருப்பதுதான் பெரிய மனிதருக்கு அடையாளம். நம் ஊர்த் திண்ணைப் பண்ணையாரும் அந்த ரகம்தான். நூற்றிச் சொச்சம் வருடத்தில் அது தலைகீழாகிவிட்டது. இன்று சும்மா உட்கார்ந்திருப்பவர் வேலையில்லாதவர். பெரிய மனிதருக்கோ காலண்டரில் இடமே இருக்காது.

*

எண்ணிக்கை எப்படி நம் வேலைக்குள் வந்தது என்று தேடினால் எல்லோரும் போய் நிற்கும் இடம் பிரெடரிக் டெய்லர். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில், 1899 வாக்கில், வார்ப்பிரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றும் வேலையை அவர் ஆராய்ந்தார். ஒரு கட்டி 92 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 42 கிலோ. ஓர் ஆள் நாளுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். டெய்லர் அதை நாற்பத்தேழரை டன்னாக்கிக் காட்டினார். 1911-ல் வந்த அவருடைய 'அறிவியல்முறை மேலாண்மைக் கோட்பாடுகள்' நூலில் அந்தத் தொழிலாளிக்கு ஷ்மிட் என்று பெயர் வைத்திருக்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கை விடக் கொஞ்சம் கூடுதல். இந்தக் கதையில் டெய்லர் நிறைய ஜோடித்திருக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஜோடனையாகவே இருந்தாலும், நிர்வாகப் படிப்புகளில் பல தலைமுறை படித்த கதை அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விவரம் உண்டு. டெய்லர் கணக்குப்படி, அந்தக் கனத்தைத் தூக்குகிறவர் நாளில் 43 சதவீத நேரம்தான் கையில் சுமையோடு இருக்கலாம். மீதி 57 சதவீதம் கை காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு தாங்காது, மொத்த டன் குறையும். ஆக, உற்பத்தித்திறனின் மூலபுருஷரே, ஓயாமல் அசைந்துகொண்டிருப்பவன் நிறையச் செய்கிறவன் இல்லை என்று தெரிந்து வைத்திருந்தார். பயிற்சி வகுப்பில் இன்று ஸ்லைடு போட்டுச் சொல்வதை அவர் அப்போதே சொல்லிவிட்டார். ஆனால் ஷ்மிட் எப்போது உட்கார வேண்டும் என்று சொன்னது கையில் கடிகாரத்தோடு நின்ற இன்னொரு ஆள். "இப்ப தூக்கு, இப்ப உக்காரு." ஷ்மிட்டுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வு அவருடையதாக இருந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இரும்புக் கட்டியை எடை போடலாம். நான் செய்கிற வேலையில் எடை போட என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் நிரலின் வரிகளை எண்ணிப் பார்த்தார்கள். 1982-ன் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் குழுவில், ஒவ்வொரு பொறியாளரும் வாரத்துக்கு எத்தனை வரி எழுதினார் என்று படிவம் நிரப்பித் தர வேண்டுமென்று மேலாளர்கள் முடிவு செய்தார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் திரையில் உருவங்களை வரையும் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். பழையதை விட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகம், கூடவே ஏறக்குறைய 2000 வரி மிச்சம். படிவத்தில் அவர் எழுதிய எண்: மைனஸ் 2000. சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை விட்டுவிட்டார்கள். டெய்க்ஸ்ட்ராவும் 1988-ல் எழுதிய ஒரு குறிப்பில் இதே பொருளில் பேசியிருக்கிறார்: வரிகளை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், அவற்றை வரவுப் பக்கத்தில் வைக்காதீர்கள், செலவுப் பக்கத்தில் வையுங்கள் என்று.

இப்போது யாரும் வரிகளை எண்ணுவதில்லை, எண்ணினால் சிரிப்பார்கள். அதற்குப் பதிலாக டிக்கெட்டுகளை எண்ணுகிறோம். ஓர் உதாரணம் சொல்கிறேன். எப்போதாவது ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் இரண்டு முறை கழிந்துவிடுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை, ஆனால் அந்த ஒருவருக்கு அது மாசக் கடைசி. பிழை எங்கே என்று தேடுகிறீர்கள். முதல் நாள் முழுக்கப் பதிவேடுகளை வெறித்துப் பார்ப்பது. இரண்டாம் நாள் பால்கனிக்கும் மேஜைக்கும் நடப்பது. மூன்றாம் நாள் சாயங்காலம், டீ ஆறிப்போன நேரத்தில், புரிகிறது: நெட்வொர்க் தடுமாறும்போது ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்து சேர்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுகொள்ள நம் பக்கத்தில் ஏற்பாடு இல்லை. தரவுத்தளத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. காலை ஸ்டாண்ட்-அப்பில் "நேத்து என்ன பண்ணீங்க?" என்று கேட்கும்போது இரண்டு நாளும் "பாத்துட்டிருக்கேன்" என்பதுதான் பதில். நான்காம் நாள் ஆறு மீட்டிங். மூச்சு விட நேரமில்லை. உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் அடுத்த மேஜைக்காரர், "என்னப்பா, ரொம்ப பிஸி போல!" என்று தோளில் தட்டினார்.

உருவம் கொள்வது கண்ணுக்குத் தெரியாத வேலை இது. தெரியாததைக் கண்காணிக்கிறவருக்குப் பதற்றம் வரும், நியாயம்தான். சம்பளம் கொடுக்கிறார்கள் இல்லையா? அந்தப் பதற்றத்துக்கு நாம் காட்டும் சமாதானம்தான் பரபரப்பு. உடனே வரும் பதில் மெசேஜ், இரவு பதினொன்றரைக்கு அனுப்பிய மின்னஞ்சல், அணையாத பச்சைப் புள்ளி. புள்ளி அணையாமல் இருக்க மவுஸைத் தானே அசைத்துக்கொடுக்கும் கருவிகள் விற்கிறார்கள். 2024-ல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டியதாகச் சொல்லி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வெளியேற்றியது. அந்தப் பாவனையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் புள்ளியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்? புள்ளி பச்சையாக இருக்கும்வரை வேலை நடந்ததா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

*

2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி ஒரு நேர்காணலில், உலகிலேயே உற்பத்தித்திறன் மிகக் குறைந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று, ஆகவே இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க முன்வர வேண்டும் என்று பேசினார். இணையத்தில் பெரிய சண்டை நடந்தது. தேசபக்தியா சுரண்டலா என்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தபோது என் இன்ஜினியரிங் மூளை வேறொன்றில் மாட்டிக்கொண்டது. தொழிலாளர் உற்பத்தித்திறன் ஒரு பின்னம். மேலே விளைவு, கீழே மணிநேரம். 40-ஐ 70 ஆக்கினால் பெருகுவது கீழே உள்ள எண். மேலே உள்ளதும் அதே வீதத்தில் ஏறினால்கூட பின்னம் இருந்த இடத்தில்தான் இருக்கும். களைத்த ஆள் கடைசி மணிநேரங்களில் முதல் மணிநேரத்து வேகத்தில் வேலை செய்யமாட்டார் என்பதால் இறங்கவே வாய்ப்பு அதிகம். பிஸியையும் ப்ரொடக்டிவையும் போட்டுக் குழப்புவது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதைத் 90 மணிநேரமாக உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் அவர் கேட்டது மீம்களாகச் சுற்றியது. மீம்களை விடுங்கள். எனக்கு உறுத்தியது அந்தக் காட்சி. கணவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான், பார்க்கிறான். மனைவியும் பார்க்கப்படுவதற்காக எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்திருக்கிறாள்?

2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த 97-ஐப் பார்த்துப் பரவாயில்லையே என்று நினைப்பவர்கள் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். அன்றைக்கு வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி அது. அப்படிக் கைவைத்தவர்கள் 26 சதவீதம். பெண்களில் 81 சதவீதம். ஐந்து மணிநேரத்தை வாரத்துக்கு ஏழால் பெருக்கிப் பாருங்கள். 35 மணிநேரம் வருகிறது. மூர்த்தி கேட்ட 70-ல் சரிபாதி, யாரும் நேர்காணல் கொடுக்காமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை வேலை செய்யாதோர் பட்டியலில் போடுகிறது. மாணவர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்கள், பிச்சை எடுப்பவர்கள் ஆகியோரோடு சேர்த்து. பொருளாதாரப் பயனுள்ள செயலில் பங்கேற்பதுதான் வேலை என்பது அங்கே இலக்கணம். இதற்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய 'தேசங்களின் செல்வம்' நூலின் இரண்டாம் பகுதியில் உழைப்பை ஆக்கமுள்ளது, ஆக்கமற்றது என்று பிரிக்கிறார். ஆலைத் தொழிலாளியின் உழைப்பு ஒரு பொருளில் போய்த் தங்குகிறது, விற்கலாம். வீட்டு வேலைக்காரரின் உழைப்பு செய்த கணமே மறைந்துவிடுகிறது. நேர்மையான மனிதர், அதே தட்டில் அரசரையும் வழக்கறிஞரையும் மருத்துவரையும் எழுத்தாளரையும் சேர்த்து வைத்தார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கூலி வாங்காமல் வீடு பார்க்கிறவர்கள் அந்த ஆக்கமற்றவர்களின் பட்டியலில்கூட வரவில்லை. ஸ்மித் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் அவருடைய அம்மாவும் ஓர் உறவுக்காரப் பெண்ணும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். தொகை சின்னது, தேர்தல் கணக்கும் அதில் உண்டு, எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு சொல் ஸ்மித்தோடும் கணக்கெடுப்புப் படிவத்தோடும் சண்டை போடுகிறது. பெயர் வைத்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

*

இந்த மறைந்துபோகிற வேலை வீட்டோடு நிற்பதில்லை. என் டீமில் ஒருவர் இருந்தார். எங்களையெல்லாம்விட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிய அம்சம் எதையும் அவர் உருவாக்கிப் பல வருடம் ஆகியிருந்தது. செர்வர்களின் சான்றிதழ் காலாவதி ஆவதற்கு மூன்று வாரம் முன்னால் புதுப்பிப்பார். வட்டு நிறையப் போகிறதென்றால் அது நிறைவதற்குள் இடம் செய்துவிடுவார். இரவு ஒரு மணிக்கு வரும் எச்சரிக்கைகளில் எது நிஜம், எது வெற்றுக் கூச்சல் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார். அதனால் நாங்கள் தூங்கினோம்.

ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார், "இந்த வருஷம் அவங்க என்ன டெலிவர் பண்ணாங்க?"

"இந்த வருஷம் ஒரு தடவைகூட சிஸ்டம் விழல" என்றேன்.

"அது நார்மல்தானே. அதுக்கு மேல?"

அதற்கு மேல் காட்ட உருப்படி இல்லை. வாதாடிப் பார்த்தேன், நடு மதிப்பெண்தான் கிடைத்தது. அதே கூட்டத்தில் ஏராளமான வரைபடங்களோடு ஒரு டாஷ்போர்டு செய்த தம்பிக்கு முதல் மதிப்பெண். டாஷ்போர்டு அழகாகத்தான் இருந்தது. அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை, அவனும் ராத்திரி பகலாக உழைத்தான்.

மேலாளரைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் விஷயம் அதை விடச் சிக்கலானது. நடக்காமல் போன ஒன்றை எப்படி எண்ணுவது? 2000-ம் ஆண்டுப் பிரச்சினை நினைவிருக்கிறதா? உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். பழைய நிரல்களில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் சேமித்து வைத்திருந்தார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும், வங்கிக் கணக்கிலிருந்து மின்நிலையம்வரை தடுமாறலாம் என்று உலகமே பயந்தது. கோபால் மொழியில் எழுதிய கோடிக்கணக்கான வரிகளை வருடக்கணக்கில் உட்கார்ந்து திருத்தினார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. சேவைத் துறை வளர்ந்ததில் அந்த வேலைக்குப் பெரிய பங்குண்டு. என் தலைமுறை இன்ஜினியரிங் சேர வரிசையில் நின்றதற்கும் அது ஒரு காரணம். 2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. "இதுக்கா இவ்வளவு கலாட்டா? எல்லாம் ஏமாத்து வேலை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள், இன்றும் சொல்கிறார்கள். வேலை சரியாக நடந்ததற்கான அடையாளமே, வேலை தேவைப்படவில்லை என்பதற்கான சாட்சியாகிவிட்டது.

ஹன்னா ஆரெண்ட் 1958-ல் வந்த 'மனித நிலை' நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரிக்கிறார். மேஜை செய்வது ஆக்கம், செய்தவர் போன பிறகும் மேஜை நிற்கும். சமைப்பது, துடைப்பது, கழுவுவது உழைப்பு. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. ஹெர்குலிஸ் தொழுவத்தை ஒரே நாளில் கழுவியது புராணம் ஆனதற்குக் காரணம், கழுவிய பிறகு அது அழுக்காகாமல் இருந்ததுதான் என்று ஒரு குசும்பு அவருடைய எழுத்தில் உண்டு. இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஆக்கத்தை ஒரு படி மேலே அவர் ஏற்றி வைப்பது என் தொழிலில் செல்லாது. மென்பொருள் மேஜை மாதிரி நிற்பதில்லை. யாரும் தொடாவிட்டாலும் கெட்டுப்போகும், ஏனென்றால் அதைச் சுற்றி இருப்பவை மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தம்பியின் டாஷ்போர்டைக்கூட யாராவது தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும்.

ஏரிகளும் அப்படித்தான். குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இங்கே இருந்தது. ஊர்க்காரர்கள் வருடாவருடம் தங்கள் உழைப்பைக் கொடுத்து வாய்க்காலைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்துவார்கள். அந்த வழக்கம் குலைந்தபோது ஆங்கிலேய அரசு 1858-ல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. 2017-ல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இதைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பகிர்ந்து கொடுத்த நீர்க்கட்டி யார் என்று அவற்றில் பல சொல்வதில்லை. பல ஊர்களில் அவர் தலித். விளைச்சலில் ஒரு பங்கு தானியமாகக் கிடைக்கும். நிலமும் கிடையாது, ஊர்க் கூட்டத்தில் பேச்சும் கிடையாது. துடைப்பது, கழுவுவது, அள்ளுவது, அடைப்பெடுப்பது என்று செய்த தடம் இல்லாமல் மறையும் வேலைகளையெல்லாம் இந்தச் சமூகம் பிறப்பைப் பார்த்து ஆட்களிடம் ஒப்படைத்தது. பிறகு அவர்களை உருப்படாதவர்கள் என்றும் அழைத்தது. பிஸியா ப்ரொடக்டிவா என்ற கேள்வியை நேர மேலாண்மைப் பாடமாக மட்டும் என்னால் படிக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான். என் மேஜையில் நான்கு மணிநேரம் தொடர்ந்து யோசிக்க முடிகிறதென்றால் கழிப்பறையை ஒருவர் கழுவியிருக்கிறார், குழந்தையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரவு எச்சரிக்கையை ஒருவர் அணைத்திருக்கிறார். என்னுடைய ப்ரொடக்டிவ் அவர்களுடைய பிஸியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

*

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதுவும் சரியான மறுப்பு. "அப்படின்னா, எவனைக் கேட்டாலும் நான் நடக்காம தடுத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுவானே?" ஆமாம், சொல்வான். சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ல் எகானமிஸ்ட் இதழில் எழுதிய கட்டுரை வேடிக்கையானது, ஆனால் அதில் வரும் எண்களைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். 1914-க்கும் 1928-க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் கடற்படைத் தலைமையக அதிகாரிகள் 2000-லிருந்து 3569 ஆனார்கள். எல்லோரும் பிஸி. ஒருவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் திருத்தினார், அதை மூன்றாமவர் கோப்பில் சேர்த்தார். அவர்களிடம் கேட்டிருந்தால் நாங்கள் இல்லாவிட்டால் பேரரசே மூழ்கிவிடும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நீர்க்கட்டியையும் அந்தக் குமாஸ்தாவையும் எப்படிப் பிரிப்பது? நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. ஒரு மாதம் அந்த வேலையை நிறுத்தினால் யாருடைய நாள் கெடுகிறது? வாராந்திர நிலவர அறிக்கை ஒன்றை இப்படி நிறுத்திப் பார்த்த டீம் எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. நல்ல வழிதான், ஆனால் எல்லா இடத்திலும் செய்து பார்க்க முடியாது. ஏரிக்கான சோதனை வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதுதான் கலங்கல், போக்குக் கால்வாய், நீர்ப்பிடிப்பு போன்ற சொற்கள் நகரத்துக்காரர்கள் வாயில் புழங்கின. தரவு நகலுக்கான சோதனை, மூலம் அழியும் நாள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் நள்ளிரவுக் களைப்பில் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மீட்பதற்கு ஐந்து வகை ஏற்பாடுகள் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்ட அன்று ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. யாரோ தற்செயலாக ஆறு மணிநேரம் முன்னால் எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டது. அந்தப் பொறியாளரைப் பழிக்கவும் இல்லை. அதனால்தான் உலகத்துக்கே இது தெரியும்.

வெள்ளம் வரும்வரை காத்திருக்க முடியாதென்றால், வேலை தெரிந்த ஒருவர் அருகில் போய் உட்கார்ந்து பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. அதற்கு நேரமாகும். பார்க்கிறவருக்கும் அந்த வேலையைச் செய்த அனுபவம் வேண்டும். மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, நூறு பேருக்கு ஒரே மத்தியானத்தில் மதிப்பெண் போடவும் அது உதவாது. எண்கள் நமக்குப் பிடித்துப்போனதற்கு அவை துல்லியமாக இருப்பது காரணம் என்று நான் நம்பவில்லை. பக்கத்தில் உட்காரும் சிரமத்தை அவை மிச்சப்படுத்துகின்றன.

சிரமம் என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. மெனக்கெடுவது. "அவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்திருக்காரு" என்கிறோம். இது வினைகெடு என்பதன் திரிபு. தன் வினை கெட, அதாவது தன் வேலை வீணாகப் போக, நேரத்தை இழப்பது என்பது பழைய பொருள். "வேலை மெனக்கெட்டு" என்ற பேச்சில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேர இழப்பைக் குறித்த சொல்லே, ஒன்றுக்காகக் கூடுதல் சிரத்தை எடுப்பதையும் குறிக்க வந்துவிட்டது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏனோ தோன்றவில்லை. அக்கா செய்துகொண்டிருந்தது மெனக்கெடுவதுதான், இரண்டு அர்த்தத்திலும்.

இரண்டு வருடம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார். மதிப்பெண் காரணமில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்புக்காரர் இப்போது வந்தால் அவரை வேலை செய்யாதோர் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். போகுமுன் எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பு பதினான்கு பக்கம். அதில் இருந்த பாதியை அவர் செய்துகொண்டிருந்தார் என்பதே டீமில் யாருக்கும் தெரியாது. மூன்று பேர் பிரித்து எடுத்துக்கொண்டோம். கடைசி நாள் சாயங்காலம், "எல்லாத்தையும் டிக்கெட்டா போட்டு வெச்சிருக்கலாமே அக்கா, எண்ணிக்கையாவது வந்திருக்கும்" என்றான் டாஷ்போர்டு தம்பி. "போட்டிருந்தா அதைப் போடறதே ஒரு வேலை ஆயிருக்கும்பா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது என் பங்குக்கு வந்தது. ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை, அன்றைய நகலை எடுத்து ஒரு காலிக் கணினியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். திறக்கிறதா, நேற்றைய கணக்கு கடைசிப் பைசாவரை இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கணினியை அழித்துவிட வேண்டும்.